புதைவாயன்: சதுப்புநிலத்தில் பதுங்கி வேட்டையாடும் கற்பனை உயிரி (உடற்கூறு விவாதம்)

#1 நாணற்காடன்

ஒரு கற்பனை உயிரியை எலும்பிலிருந்து நடத்தை வரை கட்டிப் பார்க்கும் இழை இது. பெயர் புதைவாயன். நுரையீரல் மீன்களின் (காற்றைச் சுவாசிக்க நுரையீரல் உள்ள நன்னீர் மீன்கள்) வழியில் வந்தது. ராட்சத சாலமாண்டருக்கு (பல்லி வடிவ நீர்வாழ் இருவாழ்வி) இருப்பது மாதிரியான தட்டைத் தலை இதில் தனியாக உருவானதாக வைத்திருக்கிறேன்.

வாழிடம்: வெப்பமண்டலத்தின் தேங்கிய சதுப்பு. ஆழம் 30 முதல் 60 செ.மீ. கோரையும் சம்பும் அடர்ந்த விளிம்பு, மேலே மிதவைச் செடிகள், அடியில் மென்சேறு. நீர் பழுப்பு நிறம், 28 டிகிரி செல்சியஸ். பார்வை அரை மீட்டர்கூட எட்டாது. ஆண்டில் சில மாதம் நீர் வற்றும்.

உடல்: நீளம் 110 செ.மீ., எடை 10 கிலோ. தலை அகலம் 22 செ.மீ. வாய்க்கோடு நீளம்தான், ஆனால் இரு பக்கமும் உதட்டு மடிப்பு மூடிக்கொள்வதால் திறப்பு 9 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட நீள்வட்டம். நாவடி எலும்பு கீழே இறங்கினால் வாய்க்குழி 1.2 லிட்டர் விரியும். இரை 100 முதல் 250 கிராம் வரையுள்ள மீன்கள், மேலே நீந்தும் தவளைகள். துரத்தவே துரத்தாது. சேற்றில் புதைந்து கிடந்து, அருகில் வந்ததை உறிஞ்சிவிடும். மூச்சு பாதி நுரையீரலில், பாதி செவுளிலும் தோலிலும்.

எந்த இடத்தில் இந்த உடல் உடையும் என்று சொல்லுங்கள். "இயற்கையில் எதுவும் சாத்தியம்" வகைப் பதில் வேண்டாம். கணக்கோடு வாருங்கள்.

#2 செவுள்மூடி

முதலில் உடைவது மூச்சு. தேங்கிய சதுப்பில் செவுளையும் தோலையும் நம்பினால் விடியற்காலையில் மூச்சுத்திணறிச் சாகும்.

28 டிகிரியில் நிறைவு நிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 5.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் 210. அந்த 5.5கூடப் பகலில்தான். இரவு முழுக்கச் செடிகளும் பாக்டீரியாக்களும் சுவாசிப்பதால் விடியும் நேரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ மிஞ்சும். சேற்றை ஒட்டிய கடைசிச் சில சென்டிமீட்டரில் பல நேரம் ஒன்றுமே இருக்காது. உங்கள் உயிரி கிடப்பது அங்கேதான்.

அதைவிட மோசம், ஆக்சிஜன் எதிர்த்திசையில் ஓடுவது. நுரையீரலில் ஏற்றிய ரத்தம் மெல்லிய செவுள் இழை வழியாகப் போகும்போது, வெளியே ஆக்சிஜன் இல்லாத நீர் இருந்தால் ரத்தத்திலிருந்து நீருக்குக் கசியும். காற்றை இழுத்து நீருக்குத் தானம் செய்கிற உடலாகிவிடும். காற்றைச் சுவாசிக்கும் பல மீன்களில் செவுள் சிறுத்துப் போயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ராட்சத சாலமாண்டர் தோலால் சுவாசிக்கிறதே என்று கேட்கலாம். அது குளிர்ந்த ஓடும் நீரின் பிராணி. அங்கே கரைந்த ஆக்சிஜனும் அதிகம், உடலின் தேவையும் குறைவு.

ஆனால் தோலை முற்றாக ஒதுக்க வேண்டாம். கரியமில வாயு ஆக்சிஜனைவிடப் பல மடங்கு நீரில் கரையும். ஆக்சிஜன் நுரையீரல் வழியே உள்ளே, கரியமில வாயு தோல் வழியே வெளியே என்று வேலையைப் பிரித்துவிடுங்கள். பல நீர்வாழ் இருவாழ்விகள் இப்படித்தான் வாழ்கின்றன.

இனி மூச்சடக்கும் நேரம். மந்தமான குளிர்ரத்த உயிரிக்கு ஓய்வில் கிலோவுக்கு மணிக்கு 25 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று கொள்வோம். 10 கிலோவுக்கு மணிக்கு 250, நிமிடத்துக்கு 4.2 மில்லிலிட்டர். நுரையீரல் 600 மில்லிலிட்டர். அதில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் வரை இறங்கினால் 90 மில்லிலிட்டர் கிடைக்கும். ரத்தம் 600 மில்லிலிட்டர் இருந்தால் அதிலிருந்து இன்னும் 30 சொச்சம். மொத்தம் 120. அசையாமல் கிடந்தால் 28, 29 நிமிடம். ஒரு பாய்ச்சலுக்குப் பின் இது பாதிக்கும் கீழே போகும்.

#3 சேற்றுக்கெளுத்தி

28 நிமிஷம்னா ஒரு நாளைக்கு அம்பது தடவை மேல வரணும். பதுங்குற பிராணிக்கு இதுதான் பெரிய தலைவலி. தாக்குறதைப் பத்தி எல்லாரும் யோசிப்பாங்க. நாள் முழுக்க எப்படி அசையாம கிடக்குறதுங்கறதுதான் உடம்பைத் தீர்மானிக்கும்.

அரபைமா, மின் விலாங்குன்னு தென்னமெரிக்க மீன் ரெண்டு இருக்கு, ரெண்டுமே காத்துக்கு மேல வந்தே ஆகணும். மின் விலாங்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வருது. அரபைமா வர்ற சத்தத்தை வெச்சே அதைக் குத்திப் பிடிக்கிறாங்க. உங்க பிராணி ஒவ்வொரு தடவையும் உடம்பைத் தூக்கினா சேறு கலங்கும், பக்கத்துல இருக்கிற மீன் ஓடும், கொக்கு நாரை பார்க்கும்.

மாதமாதா ஆமையைப் பாருங்க. நீளக் கழுத்து, நுனியில குழாய் மாதிரி மூக்கு. உடம்பு அடியிலயே கிடக்கும், மூக்கு நுனி மட்டும் மேல எட்டும். புதைவாயனுக்கும் அதே வழி. 110 செ.மீ. உடம்புல முன்பாதியை மட்டும் சம்புத் தண்டை ஒட்டி மெதுவா நிமிர்த்தினா 40 செ.மீ. ஆழத்துக்கு எட்டும். 60 செ.மீ.க்கு எட்டாது. அதனால வாழிடத்தை 45 செ.மீ.க்குள்ள சுருக்குங்க. நீர் ஏறினா விளிம்பை நோக்கி நகரணும், இறங்கினா உள்ளே வரணும். ஆழம்தான் இதோட வேலி.

இன்னொண்ணு: மூச்சை மேல வந்து விடாதீங்க. அடியிலயே சின்னச் சின்னக் குமிழா விட்டுட்டு, மேல வந்து இழுக்கிற வேலை மட்டும். சதுப்புச் சேறு எப்பவும் மீத்தேன் குமிழ் விட்டுக்கிட்டேதான் இருக்கும். காத்தழுத்தம் குறையும்போது, நீர்மட்டம் இறங்கும்போது அது இன்னும் அதிகம். அந்தக் குமிழோட குமிழா இதுவும் போயிடும்.

#4 அலைநீளம்

மூக்குக்குழாய் யோசனையில் ஒரு தடை இருக்கிறது. நுரையீரல் 40 செ.மீ. கீழே இருந்தால் அதன்மேல் கூடுதலாக 4 கிலோபாஸ்கல் நீரழுத்தம். விலா எலும்பை விரித்துக் காற்றை இழுக்கும் அமைப்பு, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த 4 கிலோபாஸ்கலை எதிர்த்து இழுக்க வேண்டும். நுரையீரலின் ரத்த நுண்குழாய்கள் புடைத்துக் கசியும் அபாயம் உண்டு. தும்பிக்கையை மேலே நீட்டியபடி நீந்தும் யானைக்கு இதே சிக்கல்தான். அதன் நுரையீரலைச் சுற்றி வழக்கமான இடைவெளி இல்லை, இணைப்புத் திசு நிரம்பியிருக்கிறது.

நல்லவேளையாக நுரையீரல் மீனின் வழியில் வந்தது என்று வைத்துவிட்டீர்கள். அவை காற்றை இழுப்பதில்லை, வாயில் அடைத்து உள்ளே தள்ளுகின்றன. தலை மேலே வந்து, மூக்கு வழியே வாய்க்குழி நிரம்பி, துளைகள் மூடி, வாய்த்தரை மேலெழும்பிக் காற்றைக் கீழே தள்ளும். வாய்க்குழி நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் நிரப்புவதற்கு அழுத்தமே வேண்டாம். தள்ளுவதற்கு மட்டும் 4 கிலோபாஸ்கல். வாய்க்குழி விரியும் அளவே 1.2 லிட்டர் என்பதால் ஒரே தள்ளலில் 600 மில்லிலிட்டர் உள்ளே போய்விடும். தாக்குவதற்கென்று வளர்ந்த தசை மூச்சுக்கும் பயன்படுகிறது. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது தாக்குதலுக்கு வருகிறேன். திறப்பின் பரப்பு சுமார் 35 சதுர செ.மீ. 1.2 லிட்டர் உள்ளே வர, 34 செ.மீ. நீளமுள்ள நீர்த்தூண் வாயைக் கடக்க வேண்டும். 50 மில்லிவிநாடியில் என்றால் சராசரி வேகம் விநாடிக்கு 7 மீட்டர். அதற்கு வேண்டிய அழுத்தக் குறைவு சுமார் 24 கிலோபாஸ்கல். வாய்த்தரையின் பரப்பு 250 சதுர செ.மீ. என்றால் அதைக் கீழே இழுக்கும் விசை 600 நியூட்டன். நேரத்தை 80 மில்லிவிநாடியாக்கினால் வேகம் 4.3 மீட்டர், அழுத்தம் 9 கிலோபாஸ்கல், விசை 230 நியூட்டன். நேரத்தைக் கொஞ்சம் நீட்டினால் தசைச் செலவு பாதிக்கும் கீழே. நீரை முடுக்கும் செலவைச் சேர்த்தால் இரண்டு எண்ணும் ஏறும், விகிதம் மாறாது. 10 கிலோ உடலுக்கு 80தான் நியாயம்.

உறிஞ்சல் எட்டும் தூரத்தை யாரும் மிகையாக நினைக்க வேண்டாம். வாயின் விட்டம் அளவு தள்ளிப் போனாலே நீரின் வேகம் வாயில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குதான். ஆக 8, 9 செ.மீ.க்கு வெளியே இருக்கும் மீனுக்கு இது வெறும் தள்ளாட்டம்.

#5 நாணற்காடன்

ஆழத்தை 45 செ.மீ. வரை என்று மாற்றுகிறேன். செவுளை மூச்சுக்கு எடுத்துவிட்டேன்.

80 மில்லிவிநாடி என்பதில்தான் இடிக்கிறது. மீனின் தப்பிக்கும் அனிச்சை, தூண்டல் வந்த 10 மில்லிவிநாடிக்குள் தொடங்கிவிடும். மூளைத்தண்டில் இரண்டு பெரிய நரம்புச் செல்கள், பக்கத்துக்கு ஒன்று. எது முதலில் சுடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக உடல் வில்லாக வளைந்து பாயும். வாய் பாதி திறப்பதற்குள் மீன் போய்விடாதா?

#6 அலைநீளம்

போகும். ஆகவே போகும் திசையை நீங்கள் தீர்மானியுங்கள்.

கொம்புப்பாம்பு என்று சொல்லப்படும், மூக்கில் இரு சிறு இழை நீட்டிய நீர்ப்பாம்பு ஒன்று உண்டு. உயிரியலாளர் கென்னத் கட்டானியா 2009இல் அதை அதிவேகப் படக்கருவியில் பதிவு செய்து விளக்கினார். பாம்பு கொக்கி வடிவில் வளைந்து கிடக்கும். மீன் அந்த வளைவுக்குள் வந்ததும், தலையால் தாக்குவதற்குச் சற்று முன் உடலின் நடுப்பகுதியைச் சுண்டும். அந்த அதிர்வு மீனின் மறுபக்கத்தைத் தொடும். மீனின் அனிச்சை அதிலிருந்து விலகிப் பாயச் செய்யும், அதாவது நேராகப் பாம்பின் வாயை நோக்கி. அனிச்சை தொடங்கிவிட்டால் நடுவில் திருத்த மீனுக்கு வழியில்லை.

புதைவாயனின் வாலை 15 செ.மீ. மெல்லிய சாட்டையாக முடியுங்கள். உடல் கொக்கியாக வளைந்து, வால்நுனி வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி எதிரே கிடக்கட்டும். இரை இரண்டுக்கும் நடுவே. கால வரிசை மில்லிவிநாடியில் இப்படி: 0இல் வால் சுண்டும், அதே கணம் வாய்த்தரை இறங்கத் தொடங்கும். 10இல் மீன் வளையத் தொடங்கும். 40 வாக்கில் அதன் தலை வாயின் பக்கம் திரும்பியிருக்கும், உறிஞ்சலும் அப்போதுதான் உச்சத்துக்கு வரும். இரை தானாகவே 9 செ.மீ. எல்லைக்குள் வருவதால் 80 போதும். 50க்கு மெனக்கெட வேண்டாம்.

உறிஞ்சிய நீர் எங்கே போகும் என்பதை நீங்கள் எழுதவில்லை. செவுளை எடுத்துவிட்டேன் என்கிறீர்கள், செவுள் பிளவை எடுக்காதீர்கள். பிளவு இல்லாவிட்டால் நீர் வந்த வழியே திரும்ப வேண்டும், அதோடு இரையும் வெளியே தள்ளப்படும். பின்பக்கம் ஒரு இணைப் பிளவு, வெளிநோக்கி மட்டும் திறக்கும் தோல் மடிப்பு, உள்ளே சீப்புப் பற்கள். சுவாசம் இல்லாத செவுளறையாக அது இருக்கட்டும்.

#7 வண்டல்

அந்தச் சீப்புப் பற்கள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் 1.2 லிட்டரில் கால்வாசி சேறாக இருக்கும். வாய் சேற்றோடு ஒட்டிக் கிடந்தால் உறிஞ்சலின் பலம் சேற்றைத் தூக்குவதிலேயே போகும். தாடை நுனி சேற்று மட்டத்துக்கு 4, 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும். முன்துடுப்புகளைத் தடித்த ஊன்றுகோலாக்கித் தலையை மட்டும் தூக்கி வையுங்கள். கோரை வேர்முண்டு மேல் தாடையைச் சாய்த்துக்கொள்ளும் பழக்கமும் பொருந்தும்.

தாக்குதலுக்குப் பின் என்ன ஆகும் என்று பாருங்கள். 10 மைக்ரோமீட்டர் வண்டல் துகள் அசையா நீரில் 40 செ.மீ. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைவிட நுண்ணிய களிமண் ஒரு நாள் ஆனாலும் இறங்காது. பார்வையை நம்பும் வேட்டைக்காரனாக இருந்தால், தவறவிட்ட ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு மணி நேர நட்டம். இதன் கண்ணைச் சிறிதாக்குங்கள். விழித்திரை நிறமியைச் சிவப்புப் பக்கம் நகர்த்தினால் போதும். தாவரச் சாறு கரைந்த நீரில் நீல ஒளி முதலில் தீர்ந்துவிடும், அடியில் எட்டுவது சிவப்புதான். நன்னீர் மீன்கள் பலவற்றில் இந்த மாற்றம் உண்டு.

கலங்கலில் ஒரு நன்மையும் இருக்கிறது. சேறு கிளறப்பட்ட இடத்துக்குப் புழு தேடிச் சிறு மீன்கள் வரும். கண் தேவையில்லாத உயிரிக்கு அந்த ஒரு மணி நேரம் நல்ல நேரம்.

#8 செவுள்மூடி

கண் தேவையில்லை என்பதற்கு என் பங்கு. நுரையீரல் மீன்களுக்கு ஏற்கெனவே மின்னுணர்வுக் குழிகள் உண்டு, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மீனின் செவுள் அசைவும் உடலுப்பு வேறுபாடும் நீரில் மெல்லிய மின்புலம் உண்டாக்கும். நன்னீரில் எட்டும் தூரம் குறைவு, சில சென்டிமீட்டர் முதல் ஓரிரு சாண் வரை. இதற்கு வேண்டியதும் அவ்வளவுதான். துடுப்புமூக்கு மீன் தன் நீண்ட அலகிலுள்ள இத்தகைய குழிகளால் மிதவைச் சிற்றுயிர்களைக்கூட இருட்டில் கண்டுபிடிக்கிறது.

இங்கே காற்றுச் சுவாசம் எதிர்பாராத விதமாகக் கைகொடுக்கிறது. செவுளை அசைத்துக்கொண்டே இருக்கும் மீனுக்குத் தன் அசைவின் மின் இரைச்சலே இடையூறு. அதைக் கழித்துப் பார்க்க மூளையில் தனிச் சுற்று வேண்டும். புதைவாயன் 28 நிமிடம் வாயையே அசைப்பதில்லை. தன் இரைச்சல் மிகக் குறைவு என்பதால் குழிகளின் உணர்திறனைத் தாராளமாக ஏற்றலாம். மேல்தாடை ஓரத்திலும் வால்நுனிக்கு எதிரே இருக்கும் கன்னத்திலும் நெருக்கமாக அமையுங்கள். இரை எல்லைக்குள் வந்ததை உறுதி செய்வது இந்தக் குழிகளின் வேலை, தூரத்திலேயே வருவதை அறிவிப்பது பக்கக்கோட்டின் (மீனின் பக்கவாட்டில் நீரசைவை உணரும் உறுப்பு) வேலை.

#9 சேற்றுக்கெளுத்தி

வாசனையை யாருமே தொடலையே. மீனைப் பொறுத்தவரை கண்ணை ஏமாத்துறது சுலபம், மூக்கை ஏமாத்துறதுதான் கஷ்டம்.

மீன் தோல் கிழிஞ்சா எச்சரிக்கைப் பொருள் ஒண்ணு நீர்ல கலக்கும். விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1938லயே இதை எழுதிட்டார். அந்த மீனைத் தின்ன வேட்டைக்காரனோட கழிவுலயும் அந்த வாசனை தொடரும். அதனால ஒரே இடத்துல கிடந்து, தின்னு, அங்கேயே கழிச்சா ரெண்டு மூணு நாள்ல அந்தப் பக்கம் மீனே வராது. ஈட்டிமீன் வேட்டை இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த்தான் கழிக்குதுன்னு சோதனையிலயே பார்த்திருக்காங்க. புதைவாயனுக்கும் இதைக் கட்டாயமாக்குங்க. நாலு நாளைக்கு ஒரு தரம், ராத்திரி, நீரோட்டம் இருந்தா அதோட கீழ்ப்பக்கமா பத்திருபது மீட்டர் தள்ளிப் போய்க் கழிச்சுட்டு வரணும். மொத்தமா தேக்கி வைக்க மலக்குடல் அகலமா இருக்கணும்.

இரையைக் கிழிக்கவும் கூடாது. முழுசா விழுங்கணும். அதனால கூர்ப்பல் வேண்டாம், வழுக்காம பிடிக்கிற தட்டைப் பல் போதும்.

தோல் வாசனைக்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கு. வட அமெரிக்காவுல கடற்கொள்ளைப் பெர்ச்சுன்னு ஒரு சின்ன மீன். மத்த மீன் இருக்கிற குளத்துல முட்டை போடாத மரத்தவளையும் நீர்வண்டும் இது இருக்கிற குளத்தைக் கண்டுக்கவே இல்லைன்னு 2013ல வெளிவந்த ஆய்வு சொல்லுது. புதைவாயன் தோல்ல பாசியும் பாக்டீரியாவும் படலமா வளர இடம் கொடுங்க. வாசனையும் மறையும், முதுகும் சேத்து நிறத்துல இருக்கும். சளி மட்டும் அடிக்கடி உரியக் கூடாது.

#10 நாணற்காடன்

கழிவு விஷயம் இந்த உடலையே கொஞ்சம் மாற்றுகிறது. ராத்திரி நடை என்று ஒன்று வருவதால் பின்துடுப்பும் தடிக்க வேண்டும். நீந்திப் போனால் வாலடியில் சேறு கிளம்பும், துடுப்பால் ஊன்றி நடந்தால் கிளம்பாது.

தவளைகளை எப்படி உணரும்? மேலே ஒரு தவளை நீந்தினால் அலை எழுகிறதே.

#11 அலைநீளம்

அடியில் கிடப்பதற்கு அந்த அலை தெரியாது. மேற்பரப்பு அலையின் அசைவு ஆழம் போகப் போக அதிவேகமாகத் தேயும். அலைநீளத்தில் பாதி ஆழத்தில் 4 சதவீதம்தான் மிஞ்சும். தவளை எழுப்பும் 5 செ.மீ. அலை 40 செ.மீ. கீழே அறவே இல்லை. முதலைக்கு இது முடிகிறதென்றால் அதன் தாடை நீர்மட்டத்தில் இருப்பதால்தான். தாடைத் தோலின் குமிழ் வடிவ உணர்விகள் ஒற்றைச் சொட்டு விழுவதையும் இருட்டில் அறியும் என்று 2002இல் உயிரியலாளர் டாஃப்னி சோரஸ் காட்டினார்.

வேண்டுமானால் தலை உச்சியிலிருந்து 45 செ.மீ. நீளத்தில் மூன்று மிதவை இழைகளை மேலே அனுப்புங்கள், நுனியில் உணர்விகளோடு. மிதவைச் செடிகளின் வேர்க்கொத்துக்குள் அவை மறைந்துவிடும். திசை அறிவது எளிது. நீரின் சிற்றலை மெதுவானது, அதன் குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 23 செ.மீ. நுனிகள் 12 செ.மீ. இடைவெளியில் இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை விநாடி வரை வித்தியாசம். எந்த நரம்பு மண்டலத்துக்கும் இது போதும்.

ஆனால் தவளையைப் பிடிக்க முடியாது. வாய் கீழே, உறிஞ்சல் எல்லை 9 செ.மீ., தவளை 40 செ.மீ. மேலே. தவளையை உணவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இழைகளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மூச்சுக்கு எழும்புமுன் மேலே நாரை நடக்கிறதா, வேறு ஏதாவது அசைகிறதா என்று கேட்க. அசைவு இருந்தால் இரண்டு, மூன்று நிமிடம் தள்ளிப்போடலாம். 28 நிமிடத்தின் கடைசி வரை காத்திராமல் 20இலேயே எழும்பும் பழக்கம் இருந்தால்தான் இந்தத் தள்ளிப்போடல் சாத்தியம்.

#12 செவுள்மூடி

மிதப்பையும் பார்த்துவிடுங்கள். சாதாரண மீன் திசுவின் அடர்த்தி 1.07 என்றால் 10 கிலோ உடலின் கனஅளவு 9.35 லிட்டர். நுரையீரல் 0.6 சேர்த்தால் 9.95. நீரில் இதன் எடை வெறும் 50 கிராம். மூச்சு வாங்கி வந்த உடனே சேற்றில் நிற்காது, தக்கையாக அலையும். விலா எலும்பையும் மண்டையோட்டையும் கடற்பசுவின் எலும்பு மாதிரி கெட்டியாக்கி மொத்த அடர்த்தியை 1.10க்குக் கொண்டுவந்தால் நீரில் எடை 310 கிராம். அது போதும். ஆக்சிஜன் கரையக் கரைய நுரையீரல் சுருங்கும், கரியமில வாயு தோல் வழியே போய்விடுவதால் அந்த இடம் திரும்ப நிரம்பாது. எனவே 20 நிமிடத்தில் இன்னும் 60 கிராம் கனக்கும். கனத்தைத் தலைப்பக்கம் அதிகம் வைக்காதீர்கள், மூச்சுக்கு நிமிர்த்த வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

#13 வண்டல்

வறட்சிக்கு வருவோம். ஆப்பிரிக்க நுரையீரல் மீனின் வழி தெரிந்ததுதான்: சேற்றில் குழி, சளிக்கூடு, வாயருகே காற்றுத்துளை. புதைவாயனில் இரண்டு இடத்தில் சறுக்கும்.

ஒன்று, நேரம். நீர் 10 செ.மீ.க்கு இறங்கியபின் குழி தோண்டினால் தாமதம். மேல்சேறு இறுகத் தொடங்கிவிடும், 22 செ.மீ. தலை உள்ளே போகாது. 15 செ.மீ. இருக்கும்போதே தொடங்க வேண்டும். இடமும் முக்கியம். சுத்தக் களிமண் காய்ந்தால் ஆழமாக வெடிக்கும், வெடிப்பு கூட்டைக் கிழித்தால் உடல்நீர் போய்விடும். கோரை வேர் பின்னிய சேறு வெடிக்காது.

இரண்டு, கழிவு நைட்ரஜன். நீரில் இருக்கும்வரை அம்மோனியாவாகத் தோலிலும் பிளவிலும் கழுவிவிடலாம். கூட்டுக்குள் அது விஷம். நீர் இறங்கும் அந்த ஓரிரு வாரத்திலேயே கல்லீரல் யூரியா தயாரிப்புக்கு மாற வேண்டும். யூரியாவை ரத்தத்தில் தேக்கினால் நீரிழப்பும் குறையும்.

எரிபொருள் கணக்கு பயமுறுத்துவதாக இல்லை. ஓய்வில் மணிக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 120 கிலோஜூல். கூட்டில் அது ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் 24. ஆறு மாதத்துக்கு 4,300 கிலோஜூல், கொழுப்பாகச் சேமித்தால் 110 கிராம். வாலடியில் 300 கிராம் கொழுப்பு வைத்தால் ஒரு மழை பொய்த்தாலும் தாங்கும். சாட்டை நுனியில் மட்டும் கொழுப்பு ஏறக் கூடாது, சுண்டல் மந்தமாகும்.

#14 சேற்றுக்கெளுத்தி

அதே 120 கிலோஜூலை வெச்சு சாப்பாட்டுக் கணக்கு: ஓய்வுக்கு மட்டும் நாளுக்கு 33 கிராம் மீன். வளர்ச்சி, நடை எல்லாம் சேர்த்து 55ன்னு வெச்சா 250 கிராம் மீன் ஒண்ணு நாலரை நாளைக்கு. நீர் இருக்கிற ஆறு மாசத்துக்குப் பத்து கிலோ. ஒரு ஹெக்டேர்ல அந்தக் காலத்துல 100 கிலோ மீன் உற்பத்தியாகி, அதுல பத்துல ஒரு பங்கு இதுக்குக் கிடைச்சா ஹெக்டேருக்கு ஒரு புதைவாயன். அதுக்கு மேல நெருக்கினா ஒண்ணை ஒண்ணு தின்னும்.

#15 நாணற்காடன்

ஹெக்டேருக்கு ஒன்று என்பதை ஏற்கிறேன். இனப்பெருக்கத்தில், ஆண் குழியில் முட்டையைக் காக்கும் என்று வைக்கிறேன். தென்னமெரிக்க நுரையீரல் மீனின் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் பின்துடுப்பில் ரத்த இழைகள் முளைக்கும். குஞ்சுகளுக்கு ஆக்சிஜன் தர அவை உதவுவதாகக் கருதப்படுகிறது. ஆக்சிஜன் இல்லாத குழிக்கு அந்த ஏற்பாடு அப்படியே பொருந்தும். செவுள்மூடி #2இல் தீமை என்று சொன்ன கசிவு இங்கே நன்மையாகிறது.

குஞ்சுகளும் பெரியதைப் போலவே சேற்றில் பதுங்கலாமா?

#16 செவுள்மூடி

முடியாது. சிறிய உடலுக்குக் கிலோவுக்கு ஆக்சிஜன் தேவை அதிகம், எடையின் நாலாம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 20 கிராம் குஞ்சுக்குப் பெரியதைப் போல 4.7 மடங்கு. நுரையீரலும் ரத்தமும் அதே விகிதத்தில் இருந்தால் மூச்சு 6 நிமிடத்தில் தீரும். 6 நிமிடத்துக்கு ஒரு தரம் 40 செ.மீ. ஏறி இறங்கும் குஞ்சு நாரைக்கு உணவு.

அவற்றை மேலேயே வையுங்கள். ஆக்சிஜன் அற்ற குளத்திலும் காற்றைத் தொடும் மேல் சில மில்லிமீட்டர் நீரில் ஆக்சிஜன் இருக்கும். சிறு மீன்கள் பல அந்த ஏட்டில் வாய் வைத்துத்தான் விடியற்காலையைத் தாண்டுகின்றன. ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நுரையீரல் மீன் குஞ்சுகளுக்குப் புறச்செவுள் உண்டு. புதைவாயன் குஞ்சுக்கும் அதைக் கொடுத்து, மிதவைச் செடியின் வேர்க்கொத்தில் தலைகீழாகத் தொங்க விடுங்கள். இறால் குஞ்சும் பூச்சிப் புழுக்களும் அங்கேயே கிடைக்கும். வால் சாட்டை இந்த வயதில் வேண்டாம், இவ்வளவு சிறிய வாய் 10 மில்லிவிநாடிக்குள் திறந்துவிடும்.

500 கிராம் வரும்போது மூச்சு 13, 14 நிமிடம் தாங்கும், நீளம் 40 செ.மீ. இருக்கும். அப்போது புறச்செவுள் சுருங்கி, எலும்பு கெட்டியாகி, 20 செ.மீ. ஆழமுள்ள விளிம்புச் சேற்றில் இறங்கலாம். அந்த ஆழத்துக்குப் பெரியது வராது, முதுகு வெளியே தெரியும் என்பதால். வளர வளர 30, பிறகு 45 என்று ஆழத்துக்கு நகரட்டும். சேற்றுக்கெளுத்தி #14இல் சொன்ன ஒன்றையொன்று தின்னும் சிக்கலும் ஆழ வரிசையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நீர் வற்றி எல்லாம் ஒரே குட்டையில் சேரும் அந்தச் சில வாரங்கள்தான் பாக்கி. அதற்குச் சிறியவை பெரியவற்றுக்கு முன்பே, நீர் 20 செ.மீ. இருக்கும்போதே புதைந்துவிட வேண்டும்.